இணைய முடக்கம்: கணக்கு வைக்காத அதிகாரம்

2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் தகவல் தொழில்நுட்ப நிலைக்குழு ஓர் அறிக்கையை வெளியிட்டது. சசி தரூர் தலைமையிலான அந்தக் குழு உள்துறை அமைச்சகத்திடமும் தொலைத்தொடர்புத் துறையிடமும் எளிய கேள்வி ஒன்றை எழுப்பியிருந்தது: நாட்டில் இதுவரை எத்தனை முறை இணையச் சேவை நிறுத்தப்பட்டிருக்கிறது? இரண்டு இடங்களிலும் அந்தக் கணக்கு இல்லை. காவல்துறையும் பொது அமைதியும் மாநிலங்களின் பொறுப்பு, ஆகவே நாங்கள் பதிவேடு வைப்பதில்லை என்றார்கள். குழு இதை ஏற்கவில்லை. மாநிலங்களில் நடக்கும் குற்றங்களுக்கும் கலவரங்களுக்கும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் கணக்கு வெளியிடும்போது, இதற்கு மட்டும் ஏன் முடியாது என்று கேட்டது.

இன்று நம்மிடம் இருக்கும் எண்ணிக்கைகள் எல்லாம் வெளியாட்கள் சேர்த்தவை. டெல்லியின் எஸ்.எஃப்.எல்.சி. அமைப்பும், உலக அளவில் இயங்கும் ஆக்சஸ் நவ் அமைப்பும் செய்தித்தாள்களையும், கசிந்த ஆணைகளையும், பயனர்களின் புகார்களையும் கோத்துத் தொகுக்கின்றன. ஆக்சஸ் நவ் கணக்கின்படி இந்தியாவில் 2018-இல் 134 முடக்கங்கள், 2023-இல் 116. 2018 முதல் 2023 வரை உலகிலேயே அதிக முறை இணையத்தை நிறுத்திய நாடு இந்தியாதான். 2024-இல் ராணுவ ஆட்சி நடக்கும் மியான்மர் 85 முடக்கங்களோடு நம்மை முந்தியது. நம்முடைய எண்ணிக்கை 84. தேர்தல் நடத்தும் ஒரு நாடு இந்த வரிசையில் மியான்மருக்கு அடுத்து நிற்பது எனக்கு வேதனை தருகிறது. அதைவிட வேதனை, அந்த எண்ணைச் சொல்லவும் நாம் வேறு யாரையோ நம்பியிருப்பது.

முடக்கம் நடக்கும் முறை மிகவும் சாதாரணமானது. மாநில உள்துறைச் செயலரின் ஆணை தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பொறுப்பு அதிகாரிகளுக்குப் போகிறது. குறிப்பிட்ட மாவட்டத்துக் கோபுரங்களில் டேட்டா சேவை நிறுத்தப்படுகிறது. குரல் அழைப்பும் குறுஞ்செய்தியும் சில நேரம் இருக்கும், சில நேரம் இருக்காது. கம்பி வழி பிராட்பேண்ட் பெரும்பாலும் தப்பித்துவிடும். நிறுவனங்களின் அலுவலகங்களும் வசதியான வீடுகளும் அதில் ஓடும். இந்தியாவின் இணையப் பயனர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் கைப்பேசி வழியாகவே இணையத்துக்கு வருகிறார்கள். ஆகவே, மொபைல் டேட்டாவை மட்டும்தான் நிறுத்தினோம் என்று அரசு சொல்லும்போது, ஊரில் ஏறக்குறைய எல்லோருக்கும் நிறுத்தினோம் என்றே பொருள். காஷ்மீரில் 2016-இல் ஆயுதக்குழுத் தளபதி புர்ஹான் வானி கொல்லப்பட்ட பிறகு முடக்கப்பட்ட சேவை போஸ்ட்பெய்ட் இணைப்புகளுக்கு முன்னதாகத் திரும்பியது. பிரீபெய்ட் வைத்திருந்தவர்கள் 2017 ஜனவரி வரை காத்திருந்தார்கள்.

இந்த அதிகாரத்தின் வேர் 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 5(2) பிரிவு, பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ கோரும்போது செய்திகளைத் தடுத்து நிறுத்த அரசுக்கு இடம் தந்தது. நெருக்கடி எது என்று சட்டம் வரையறுக்கவில்லை. இணையம் வந்த பின் பல ஆண்டுகள் மாவட்ட ஆட்சியர்கள் இதைக்கூடத் தேடவில்லை. கூட்டம் கூடுவதைத் தடுக்கும், அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆவது பிரிவை எடுத்து இணையத்தை நிறுத்தினார்கள். 2015-இல் படேல் சமூகத்தினரின் இடஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது குஜராத் அப்படிச் செய்ததை எதிர்த்து வழக்கு போனது. உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. 2017 ஆகஸ்டில்தான் இதற்கென்று தனி விதிகள் வந்தன. உள்துறைச் செயலர் ஆணையிட வேண்டும், ஐந்து வேலைநாட்களுக்குள் ஒரு மறுஆய்வுக் குழு அதைப் பார்க்க வேண்டும் என்றன அவை. மாநிலத்தில் அந்தக் குழுவில் தலைமைச் செயலர், சட்டச் செயலர், இன்னொரு செயலர். ஓர் அதிகாரியின் ஆணையை அதே கட்டடத்தின் மூன்று அதிகாரிகள் சரிபார்க்கும் ஏற்பாடு இது. நீதிபதி இல்லை, மக்கள் பிரதிநிதி இல்லை, பாதிக்கப்பட்டவரின் குரல் இல்லை. மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் மலையில் கூர்க்காலாந்துப் போராட்டத்தின்போது 2017 ஜூனில் நின்ற இணையம் திரும்ப 100 நாள் ஆயிற்று. விதிகள் பிறந்தது அந்த முடக்கத்தின் நடுவில்தான்.

பிறகு காஷ்மீர். 2019 ஆகஸ்ட் 5 அன்று 370-ஆவது பிரிவு செயலிழக்கச் செய்யப்படுவதற்கு முந்தைய இரவே இணையத்தோடு கைப்பேசியும் தரைவழித் தொலைபேசியும் சேர்ந்து போயின. போஸ்ட்பெய்ட் கைப்பேசிகளில் குரல் அழைப்பு திரும்பியது அக்டோபர் நடுவில். பத்திரிகையாளர்களுக்காக ஸ்ரீநகரில் அரசு ஒரு மையம் திறந்தது. அங்கிருந்த சில கணினிகளுக்கு முன்னால் முறை வைத்துக் காத்திருந்து, சில நிமிடங்களில் செய்தியை அனுப்பிவிட்டு எழ வேண்டியிருந்தது. நவம்பரில் ரயில் மீண்டும் ஓடியதும் இளைஞர்கள் அதில் ஏறிப் பள்ளத்தாக்கின் எல்லையைத் தாண்டியுள்ள பனிஹால் ஊருக்குப் போனார்கள். தேர்வுக்கு விண்ணப்பிக்க, வேலைக்கு மனுப்போட, ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்ய அங்கே போய் வர வேண்டியிருந்தது. அந்த ரயிலுக்கு மக்கள் ‘இன்டர்நெட் எக்ஸ்பிரஸ்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். டிசம்பர் தொடக்கத்தில் வேறொன்று நடந்தது. 120 நாட்கள் பயன்படுத்தாத கணக்குகளைத் தானாக நீக்குவது வாட்ஸ்அப்பின் வழக்கம். குடும்பக் குழுக்களிலிருந்து காஷ்மீரிகள் வரிசையாக வெளியேறுவதாகத் திரையில் அறிவிப்புகள் வரத் தொடங்கின. வெளிநாட்டிலும் வெளிமாநிலத்திலும் இருந்த உறவினர்கள் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காஷ்மீர் டைம்ஸ் நாளிதழின் ஆசிரியர் அனுராதா பசின் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10 அன்று தீர்ப்புச் சொன்னது. இணையத்தின் வழியே பேசுவதும் தொழில் செய்வதும் அரசமைப்பின் 19-ஆவது பிரிவின் பாதுகாப்புக்குள் வரும். காலவரையின்றி இணையத்தை நிறுத்துவது செல்லாது. ஒவ்வோர் ஆணையும் வெளியிடப்பட வேண்டும், அப்போதுதான் பாதிக்கப்பட்டவர் அதை எதிர்த்து வழக்காட முடியும். முடக்கம் தேவைக்கு மேல் போகக்கூடாது. சட்டத்தின் மொழியில் இவை பெரிய வெற்றிகள். ஆனால் வழக்குப் போட்ட பத்திரிகையாளருக்கு அன்று இணையம் கிடைக்கவில்லை. சேவையைத் திருப்பிக் கொடு என்று நீதிமன்றம் சொல்லவில்லை, ஆணைகளை மறுஆய்வு செய் என்று அதே அரசிடம் சொன்னது. இரண்டு வாரம் கழித்து வந்தது 2ஜி, அதுவும் அனுமதிக்கப்பட்ட 301 தளங்களுக்கு மட்டும். சமூக வலைதளங்கள் மார்ச்சில் திறந்தன, வேகம் 2ஜிதான். அதற்குள் கொரோனா வந்துவிட்டது. தீவிர சிகிச்சைக்கான வழிகாட்டிக் கோப்பைத் தரவிறக்கவே மணிக்கணக்கில் காத்திருக்கிறோம் என்று ஸ்ரீநகர் மருத்துவர்கள் எழுதினார்கள். 4ஜி கோரிய வழக்கில் 2020 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு சிறப்புக் குழுவை அமைத்தது. தலைவர், மத்திய உள்துறைச் செயலர். 4ஜி திரும்பியது 2021 பிப்ரவரி 5 அன்று, முழுதாகப் பதினெட்டு மாதங்கள் கழித்து.

அந்தத் தீர்ப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் அதன் கொள்கைகளைப் புகழ்ந்து நிறுத்திக்கொள்கிறார்கள். என் கணிப்பில் அதன் மிக முக்கியமான வரி ஆணையை வெளியிட வேண்டும் என்பதுதான். அதிகம் மீறப்பட்ட வரியும் அதுவே. ஆணை கையில் இல்லாவிட்டால் என்ன காரணம், எந்த எல்லை, எத்தனை நாள் என்று தெரியாது. தெரியாததை எதிர்த்து வழக்காட முடியாது. வழக்காடினாலும் விசாரணை வருவதற்குள் முடக்கம் முடிந்திருக்கும், அரசு வழக்கறிஞர் இனி விசாரிக்க ஒன்றுமில்லை என்பார். தீர்ப்பு வந்து நான்கு ஆண்டு கழித்து, 2024-இல், ஜம்மு காஷ்மீரின் மறுஆய்வு ஆணைகளை வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது.

அரசின் வாதத்தை அலட்சியமாகத் தள்ள முடியாது. வதந்தி கொல்கிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பத்தை ஒரு கும்பல் சூழ்ந்தது. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக, பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று அடித்தார்கள். 65 வயது மூதாட்டி உயிரிழந்தார். அந்த ஆண்டு வாட்ஸ்அப்பில் சுற்றிய குழந்தைக் கடத்தல் வதந்தியால் அசாமிலும் மகாராஷ்டிரத்திலும் இப்படிப் பலர் செத்தார்கள். தீ பரவும் இடத்தில் அரசு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கேள்வி, இணையத்தை நிறுத்துவது அந்தத் தீயை அணைக்கிறதா என்பதுதான்.

அணைக்கிறது என்று காட்டும் ஆய்வு எதையும் எந்த அரசும் முன்வைத்ததில்லை. எதிர்ப்பக்கத்தில் சான்றுகள் இருக்கின்றன. இந்தியாவில் 2016-இல் நடந்த போராட்டங்களையும் முடக்கங்களையும் நாள்வாரியாக ஒப்பிட்ட யான் ரிட்சாக் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், இணையம் நின்ற இடங்களில் வன்முறை குறையவில்லை, கூடியே இருந்தது என்று கண்டார். ஒருங்கிணைப்பு தேவைப்படும் அமைதியான போராட்டம் இணையம் இல்லாமல் சிதறுகிறது. கல்லெடுக்க ஒருங்கிணைப்பு தேவையில்லை. 2011 ஜனவரி இறுதியில் எகிப்து நாடு முழுக்க இணையத்தை அறுத்தபோது, கெய்ரோவில் வீட்டிலிருந்து செய்தி பார்த்தவர்களும் என்ன நடக்கிறது என்று தெருவுக்கு வந்தார்கள், போராட்டம் நகரமெங்கும் பரவியது. இரண்டு வாரத்தில் அதிபர் முபாரக் பதவி விலகினார்.

வதந்தியை வேறு விதமாகக் கையாண்ட இடங்களும் உண்டு. 2018-இல் தெலங்கானாவின் கத்வால் பகுதியில் காவல் கண்காணிப்பாளராக இருந்த ரெமா ராஜேஸ்வரி, ஒவ்வொரு காவலரிடமும் சில ஊர்களை ஒப்படைத்தார். அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். ஊர்க்குழுக்களின் வாட்ஸ்அப்பில் காவலர்களும் சேர்ந்தார்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் பாட்டாகப் பாடி வதந்தியை விளக்கினார்கள். 400 ஊர்கள் கொண்ட அந்தப் பகுதியில் ஒரு கொலையும் நடக்கவில்லை. தமிழ்நாட்டுக்கும் இப்படி ஒரு சோதனை 2023 மார்ச்சில் வந்தது. பீகார் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுகிறார்கள் என்று வேறெங்கோ எடுத்த காணொளிகள் வட மாநிலங்களில் சுற்றின. திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு மறுப்புக் காணொளி வெளியிட்டார். இந்தியில் விளக்கங்களும் உதவி எண்களும் போயின. பீகார் அரசின் குழு நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனது. பொய்யைப் பரப்பியவர்கள் மீது வழக்குகள் பதிந்தன. யாருடைய இணையமும் நிறுத்தப்படவில்லை. அந்த வதந்தியை முறியடித்ததே இணையத்தில் உடனுக்குடன் போன மறுப்புகள்தான். டேட்டாவைத் துண்டித்திருந்தால், வீட்டுக்கு அழைத்து நான் நலம் என்று முகம் காட்ட முடியாத ஒவ்வொரு தொழிலாளியும் வதந்திக்குச் சாட்சியாகியிருப்பார்.

இதே மாநிலம் ஐந்து ஆண்டுகளுக்கு முன் செய்தது வேறு. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான பேரணியின் மீது காவல்துறை சுட்டது. இறந்தவர்கள் 13 பேர். வேன் கூரை மேல் ஏறி நின்று குறிபார்த்த காவலரின் காணொளியை அன்றே நாடு முழுதும் பார்த்தது. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் ஐந்து நாட்களுக்கு இணையத்தை நிறுத்த ஆணை வந்தது. சமூக வலைதளச் செய்திகளால்தான் பெருங்கூட்டம் திரண்டது என்பது சொல்லப்பட்ட காரணம். சுட்டதற்கு முன்னால் அல்ல, சுட்ட பிறகு. மருத்துவமனையில் யார் இருக்கிறார்கள், பிணவறையில் யார் இருக்கிறார்கள் என்று ஊரே தேடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. 2022-இல் வெளிவந்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை, அந்தத் துப்பாக்கிச்சூட்டுக்குத் தேவையே இருக்கவில்லை என்று கண்டு, காவல் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அப்படியானால் அந்த ஐந்து நாட்கள் யாரைப் பாதுகாத்தன? இந்தக் கேள்வி இணைய ஆணையைப் பிறப்பித்தவர்களை நோக்கி முறையாகக் கேட்கப்பட்டதே இல்லை.

மணிப்பூரில் விடை இன்னும் கொடூரமாக வந்தது. 2023 மே 3 அன்று கலவரம் வெடித்ததும் இணையம் போனது. மே 4 அன்று இரண்டு பெண்கள் ஆடை களையப்பட்டு ஊர் நடுவே நடத்திச் செல்லப்பட்டார்கள். காவல்துறையில் புகார் மே மாதமே பதிவாகியிருந்தது. காணொளி வெளியே வந்தது ஜூலை 19 அன்று, முதல் கைது மறுநாள். இரண்டரை மாதம் இருட்டு காத்தது அந்தப் பெண்களை அல்ல. இணையம் நின்றிருந்த அந்த மாதங்களில் மணிப்பூரில் வன்முறை நிற்கவும் இல்லை.

இழப்பு யார் தலையில் விழுகிறது என்று பார்ப்போம். 2012 முதல் 2017 வரை 16,315 மணி நேர முடக்கத்தால் இந்தியப் பொருளாதாரத்துக்கு 304 கோடி டாலர் இழப்பு என்று டெல்லியின் இக்ரியர் நிறுவனம் மதிப்பிட்டது. இந்தப் பெரிய எண்ணை நான் அதிகம் நம்பிப் பேச விரும்பவில்லை, அதில் ஏழையின் ஒரு நாள் கூலி தெரியாது. நியாயவிலைக் கடையில் விரல்ரேகை சரிபார்த்த பிறகுதான் அரிசி. 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலையில் தொழிலாளர்களைப் படம் எடுத்துச் செயலியில் ஏற்றினால்தான் வருகைப் பதிவு. டீக்கடையில் க்யூ.ஆர். அட்டை. அரசே ஒவ்வொரு சேவையாக இணையத்துக்குள் கொண்டுபோய் வைத்தது. பிறகு அரசே இணையத்தை நிறுத்துகிறது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பும் டெல்லியின் இன்டர்நெட் ஃப்ரீடம் பவுண்டேஷனும் 2023 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, முடக்க நாட்களில் வேலையும் கூலியும் ரேஷனும் சேர்ந்து நின்ற கிராமங்களின் கதைகளைப் பதிவு செய்தது. குற்றம் எதுவும் செய்யாத ஒரு மாவட்டத்துக்கே விதிக்கப்படும் தண்டனை இது.

இலங்கையின் அனுபவம் சற்று வேறுபட்டது. அங்கே முழு இணையம் அல்ல, குறிப்பிட்ட தளங்கள் மூடப்பட்டன. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டம் திகனையில் முஸ்லிம்களுக்கு எதிராகக் கும்பல்கள் கிளம்பியபோது ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் வைபரும் தடுக்கப்பட்டன. அந்தத் தடைக்கு நியாயம் இருந்தது என்று கருதுவோர் உண்டு. சிங்களத்தில் கொலைவெறிப் பதிவுகளை நீக்கச் சொல்லி ஆண்டுக்கணக்கில் கேட்டும் ஃபேஸ்புக் அசையவில்லை. 2020-இல் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. நிறுவனத்தின் அலட்சியம் உண்மை. ஆனால் தடை வந்த உடனே மக்கள் வி.பி.என். போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள், வெறுப்பைப் பரப்பியவர்களும்தான். வெளியே நின்றவர்கள் வி.பி.என். என்றால் என்னவென்று தெரியாதவர்கள். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னும் அதே கதை. 2022 ஏப்ரல் 3 அன்று, பொருளாதார நெருக்கடிக்கு எதிரான போராட்டங்களை ஒட்டிப் பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின் பேரில் தளங்கள் மூடப்பட்டன. இம்முறை வதந்தி, வெறுப்பு என்ற சாக்குக்கூட இல்லை. எதிர்ப்பு வலுத்து, அன்றைக்கே தடை நீங்கியது. முதல் தடவை உயிரைக் காக்க என்று பழகிய கை, மூன்றாம் தடவை ஆட்சியைக் காக்க நீண்டது.

பரீட்சைக்காக இணையத்தை நிறுத்துவது இதில் மிகவும் எளிதாகத் தீர்க்கக்கூடிய பகுதி. ராஜஸ்தானில் 2021-இல் ஆசிரியர் தகுதித் தேர்வுக்காகப் பல மாவட்டங்களில் இணையம் நின்றது. அசாமும் ஜார்க்கண்டும் செய்தன. இராக்கும் சிரியாவும் அல்ஜீரியாவும் பள்ளித் தேர்வுக்கே செய்வது வழக்கம். வினாத்தாள் கசிவது பெரும்பாலும் அச்சகத்திலும் பெட்டகத்திலும். தண்டனை விழுவது ஆட்டோ ஓட்டுபவருக்கு. இது பொது நெருக்கடியும் அல்ல, பொதுப் பாதுகாப்பும் அல்ல. 2022 மார்ச்சில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அப்படி ஓர் ஆணையை நிறுத்தி வைத்தது. 2024 செப்டம்பரில் ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றம், நீதிமன்ற அனுமதி இல்லாமல் எந்தத் தேர்வுக்கும் இணையத்தை நிறுத்தக்கூடாது என்றது.

சூடானில் 2019 ஜூன் 3 அன்று நடந்த போராட்டக்காரர் படுகொலைக்குப் பின் இணையம் நின்றபோது, அப்துல் அதீம் ஹசன் என்ற வழக்கறிஞர் தன் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். வாடிக்கையாளராகத் தன் பெயரில் மட்டும் தொடுத்திருந்ததால், முதலில் அவர் ஒருவருக்கு மட்டும் இணையம் திரும்பியது. ஜூலையில் எல்லோருக்கும் திரும்பியது. அவருக்கு வாய்த்தது, பணம் கொடுத்த சேவையை எந்த எழுத்துப்பூர்வமான காரணத்தால் நிறுத்தினாய் என்று நிறுவனத்தைக் கேட்க ஒரு வாசல். நம் நாட்டில் அந்த வாசலும் மூடியிருக்கிறது. ஆணை அரசுடையது என்று நிறுவனம் ஒதுங்கிக்கொள்ளும், ஆணையைக் காட்டு என்றால் அரசு காட்டாது.

இப்போது சட்டம் புதிது. தந்திச் சட்டத்தின் இடத்துக்கு 2023-இல் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. 2024 நவம்பரில் அதன் கீழ் இணைய நிறுத்த விதிகள் வெளியாயின. ஆணையில் காரணமும் எல்லையும் இருக்க வேண்டும், ஆணையை வெளியிட வேண்டும், ஒரு முறைக்கு 15 நாளுக்கு மேல் போகக்கூடாது என்கின்றன அவை. நல்லது. ஆனால் பொது நெருக்கடி எது என்பதை வரையறுக்கச் சொன்ன நாடாளுமன்றக் குழுவின் பரிந்துரை ஏற்கப்படவில்லை. 15 நாள் முடிந்ததும் புதிய ஆணை போடுவதைத் தடுக்க எதுவும் இல்லை. வெளியிடாவிட்டால் ஆணை செல்லாது என்றும் விதி சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக இந்த ஒரு வரி இருந்தால் போதும், மறைத்து வைக்கும் பழக்கம் ஒரே மாதத்தில் மாறும். மறுஆய்வுக் குழுவில் ஓய்வுபெற்ற நீதிபதிகளையும் பொதுமக்களில் சிலரையும் சேர்க்க அதே நாடாளுமன்றக் குழு சொல்லியிருந்தது. மாநிலக் குழுவில் இன்றும் இருப்பவர்கள் தலைமைச் செயலர், சட்டச் செயலர், இன்னொரு செயலர்.